பாட்டன் பெயரும் கூப்பிடும் பெயரும்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பத்திரக் கட்டு இருக்கிறது. ஐந்து தலைமுறை ஆண்கள் நிலம் வாங்கியதும் விற்றதும் பாகம் பிரித்துக்கொண்டதும் அதில் அடக்கம். ஐந்து தலைமுறைக்கும் சேர்த்துப் பெயர்கள் என்னவோ இரண்டுதான். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்: முத்தையா மகன் சுப்பையா, சுப்பையா மகன் முத்தையா, மறுபடியும் முத்தையா மகன் சுப்பையா. எந்தச் சுப்பையா எந்த வயலை விற்றார் என்று கண்டுபிடிக்கத் தேதியைப் பார்க்க வேண்டும். தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தால், கீழே இருப்பது கையெழுத்தா கைநாட்டா என்று பார்க்க வேண்டும். பத்திர எழுத்தர்களுக்கு இதில் எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊருக்கும் இல்லை. குழப்பமெல்லாம் எனக்குத்தான்.

குழந்தைக்குப் பெயர் தேடும் இளம் பெற்றோர் இன்று முதலில் கேட்பது, “இதற்கு என்ன அர்த்தம்?” என்பது. முத்தையாவின் அர்த்தத்தை அகராதியில் தேடலாம். முத்து கிடைக்கும், ஐயா கிடைக்கும், கொஞ்சம் தெரிந்தவர் வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசாமியைக் கொண்டுவந்து சேர்ப்பார். எதுவும் தவறில்லை. ஆனால் 1900-இல் பிறந்த ஒரு முத்தையாவின் தாயிடம் போய்க் கேட்டிருந்தால், “எங்க மாமனார் பேரு” என்றிருப்பாள். அதையும் நேராகச் சொல்லியிருக்க மாட்டாள். அதைப் பின்னால் பார்ப்போம். தமிழ்க் குடும்பங்களின் பழைய பெயர்களுக்குப் பொருள் வீட்டுக்குள்தான் இருந்தது: யாருடைய பெயர், எந்தக் கோயிலின் பெயர், எந்தச் சாவுக்குப் பிறகு வைத்த பெயர். இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரியாதவர் சொற்பொருளை மட்டும் அறிந்துகொண்டு ஆகப்போவது அதிகமில்லை.

யாருடைய பெயர் என்ற கேள்விக்கு நம் மொழியே விடை வைத்திருக்கிறது. மகனின் மகனைப் ‘பேரன்’ என்கிறோம். அது ‘பெயரன்’ என்பதன் பேச்சு வடிவம். பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். பெயர்த்தி பேத்தி ஆனாள். உறவைச் சொல்ல வந்த சொல், இரத்தத்தையோ வயதையோ சொல்லாமல் பெயர் கைமாறுவதைச் சொல்கிறது. இது பிற்கால வழக்கம் அல்ல. நற்றிணையின் 40-ஆம் பாட்டில், பரத்தையிடம் போயிருந்த தலைவன், மகன் பிறந்த செய்தி கேட்டு, நள்ளிரவில் கள்வனைப் போல வீட்டுக்குள் வருகிறான். தன் தந்தையின் பெயரன் பிறந்துவிட்டான் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மனைவியின் ஊடலுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்தவனை வீட்டுக்கு இழுத்து வந்தது அந்தப் பெயர். ஐங்குறுநூற்றிலும் கலித்தொகையிலும் இதே சொல் குழந்தையைக் குறிக்க வருகிறது.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் இந்தச் சொல் இரண்டு பக்கமும் ஓடும். அங்கே ‘பேரன்’ என்றால் பாட்டன், ‘பேத்தி’ என்றால் பாட்டி. அடுத்த தலைமுறைக்குப் பேரப்பிள்ளை என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் முதல் தடவை கேட்கும்போது திகைத்துப் போவார். யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே பெயரை இருவர் பங்கிட்டுக்கொள்ளும்போது, கொடுத்தவரும் பேரன்தான், வாங்கியவரும் பேரன்தான்.

கல்லில் இதற்குச் சான்று உண்டு. கரூருக்குப் பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டான் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமண முனிவர் ஒருவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. அதில் சேரர் மூன்று தலைமுறை வரிசையாக வருகிறது: செல் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோன். இங்கே பெயர் பாட்டனிடமிருந்து தாண்டி வரவில்லை. தந்தையிடமிருந்தே வருகிறது, முன்னால் ‘பெரு’, ‘இளம்’ என்ற அடையாளத்தோடு. இது மன்னர் குடும்பத்துக்கு மட்டும் உரிய உத்தி என்று நினைக்க வேண்டாம். கருப்பசாமியைக் குலதெய்வமாகக் கொண்ட வீடுகளில் அண்ணன் பெரியகருப்பன், தம்பி சின்னக்கருப்பன் என்று இன்றைக்கும் இருக்கிறார்கள். தெய்வத்தின் பெயரை ஒரு பிள்ளைக்கு மட்டும் வைத்து மற்றவனை விட்டுவிட முடியாது. இரண்டு பேருக்கும் வைத்தால் கூப்பிட முடியாது. இரண்டாயிரம் ஆண்டாக ஒரே சிக்கல், ஒரே தீர்வு.

சோழர் குடும்பத்தைப் பாருங்கள். முதலாம் ஆதித்தன், அவன் மகன் முதலாம் பராந்தகன், அவன் மகன் அரிஞ்சயன், அவன் மகன் சுந்தர சோழன். சுந்தர சோழனின் இன்னொரு பெயர் பராந்தகன். பாட்டன் பெயர். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்தன். கதை வாசகர்களுக்கு ஆதித்த கரிகாலன். பாட்டனுக்குப் பாட்டன் பெயர் அது. அரியணை ஏறும் ஒவ்வொருவரும் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி ஏற்றார்கள் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அது ஆட்சி வரிசைக்கான பட்டம், வீட்டுப் பெயர் அல்ல. அண்ணனுக்குப் பின் தம்பி வந்தாலும் பட்டம் மாறும். ஆனாலும் ஒன்றுவிட்டு ஒன்று என்ற கணக்கு, எங்கள் இரும்புப் பெட்டியின் கணக்குப் போலவே ஒலிக்கிறது.

தாய்வழிப் பாட்டனின் பெயர் வருவதற்குச் சோழ வரலாற்றில் இதைவிட நல்ல சான்று உண்டு. முதலாம் இராசராசனின் மகள் குந்தவையைக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்தவன் இராசராச நரேந்திரன். அவன் மணந்தது இராசேந்திரனின் மகள் அம்மங்கையை. அவர்களுக்குப் பிறந்த மகனின் பெயர் இராசேந்திரன். வேங்கி நாட்டு வாரிசுகள் இருவர், அடுத்தடுத்த இரண்டு தலைமுறையில், அம்மாவைப் பெற்றவரின் பெயரையே தாங்கினார்கள். அந்த இரண்டாவது இராசேந்திரன்தான் 1070-இல் சோழ அரியணையில் ஏறிக் குலோத்துங்கன் ஆனவன். தாத்தாவின் பெயரோடு பிறந்தவன் தாத்தாவின் அரியணைக்கே வந்து சேர்ந்தான். பெயர் வைத்த நாளில் யாரும் அவ்வளவு தூரம் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ‘இந்தக் குழந்தை எங்களுடையதும்கூட’ என்று தாய்வீடு ஒரு கோட்டைப் போட்டு வைத்திருந்தது.

அந்தக் கோடு சாதாரணக் குடும்பங்களிலும் உண்டு. பல சமூகங்களில் முதல் ஆணுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது ஆணுக்கு அம்மாவின் அப்பா பெயர். பெண்களுக்கும் அதே வரிசையில் அப்பத்தா, அம்மாச்சி பெயர்கள். இரண்டாவது பிள்ளை பிறக்காமல் போனால் தாய்வீட்டுக்குப் பெயர் நஷ்டம். அதனால் சண்டையும் வந்திருக்கிறது. முறைப்பெண் கட்டும் வழக்கம் இந்தச் சண்டையைக் கொஞ்சம் குறைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவன் அக்காள் மகளைக் கட்டினான் என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும் பிள்ளைக்கு அப்பாவின் அப்பா யாரோ, அவரேதான் அம்மாவின் அம்மாவுக்கும் அப்பா. அவர் பெயரை வைத்தால் இரண்டு வீட்டாருக்கும் ஒரே நேரத்தில் திருப்தி. நெருங்கிய உறவில் மணமுடிப்பதன் உடல்நலக் கேடு வேறு விஷயம். பெயர்க் கணக்கில் அது சிக்கனமான ஏற்பாடு.

இதுவரை சொன்னது பெயர் மேலிருந்து கீழே வருவது. கீழிருந்து மேலே போன காலமும் உண்டு. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், புள்ளிமயங்கியலில், மக்கள் பெயரோடு ‘தந்தை’ என்ற சொல் சேர்ந்தால் எப்படிப் புணரும் என்று விதி சொல்லப்படுகிறது. சாத்தன் என்பவனின் தந்தை சாத்தந்தை. கொற்றனின் தந்தை கொற்றந்தை. ஆதன், பூதன் என்ற பெயர்கள் வந்தால் இன்னும் சுருங்கி ஆந்தை, பூந்தை ஆகும். கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வகுப்பில் ஆந்தைப் பறவையை நினைத்துச் சிரித்திருக்கவும் கூடும். பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதன் தந்தை என்பதே அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். புறநானூற்றுப் புலவர் ஒருவரின் சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. அவருடைய பிள்ளையின் பெயர்தான் தெரியும். ‘குமாரோட அப்பா’ என்று இன்று தெருவில் கூப்பிடுவதும் இதே இலக்கணம்தான்.

எதிர்த் திசையிலும் விதி உண்டு. கொற்றங்கொற்றன் என்றால் கொற்றன் மகன் கொற்றன். சாத்தங்கொற்றன் என்றால் சாத்தன் மகன் கொற்றன். முன்னால் தந்தை, பின்னால் மகன். நம்முடைய தலைப்பெழுத்து வரிசை அப்படியே இருக்கிறது. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் ‘குவிரன் ஆதன்’ என்று இரண்டு பெயர் சேர்ந்து வருகிறது. அதையும் இப்படிப் படிக்க இடமிருக்கிறது. இந்தப் பழைய பெயர்களில் சாத்தன் மட்டும் இன்னும் சாகவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் சாத்தப்பன், சாத்தையா என்று உயிரோடு இருக்கிறான். (தொல்காப்பிய உரைகளில் இன்னொரு வேடிக்கை: ‘சாத்தன் வந்தான்’, ‘சாத்தன் வந்தது’ என்று இரண்டு எடுத்துக்காட்டும் உண்டு. மாட்டுக்கும் மனிதப் பெயர் வைத்திருக்கிறார்கள்.)

இப்போது மாமனார் விஷயத்துக்கு வருவோம். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. மனைவி கணவன் பெயரைச் சொல்லக் கூடாது. கணவன் முருகனாக இருந்தால் “திருச்செந்தூர்ச் சாமி பேரு” என்பாள். ரேஷன் அட்டைக்குப் பெயர் கேட்டு வந்தவரிடம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்ன பாட்டிகளைப் பலரும் பார்த்திருப்போம். சரி, மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்தாயிற்று. பெற்றவள் அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? “அடேய் முத்தையா, மூதேவி, இங்கே வாடா” என்று மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கத்த முடியுமா? முடியாது. அங்கேதான் இரண்டாவது பெயர் பிறந்தது. ராசா, துரை, தம்பி, பெரியவன், ஐயா, கண்ணு. எத்தனை கிழவர்கள் எண்பது வயதிலும் ஊருக்கெல்லாம் ‘தம்பி’யாகவே இருந்து செத்தார்கள்! செல்லத்தால் வந்த பெயர் என்று நாம் நினைப்பதில் பாதி, மரியாதை போட்ட தடையால் வந்தது.

உ.வே.சாமிநாதையரின் கதை இந்த இரட்டைப் பெயருக்கு நல்ல எடுத்துக்காட்டு. உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையருக்கு 1855-இல் மகனாகப் பிறந்தவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். தந்தை பெயரில் இருந்த அந்த வேங்கடமே மகன் பெயரிலும் தொடர்ந்தது. வீட்டிலோ சாமிநாதன் என்று கூப்பிட்டார்கள். சுவாமிமலை முருகனின் பெயர். அதுவும் தேய்ந்து ‘சாமா’ ஆயிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்கப் போனபோது, வேறு பெயர் உண்டா என்று கேட்டு, சாமிநாதன் என்ற பெயரையே அவர் வழங்கச் செய்தார். சடங்கில் வைத்த பெயர் மறைந்தது, அடுப்படியில் கூப்பிட்ட பெயர் புத்தக அட்டைக்கு ஏறியது. அன்று மகாவித்துவான் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் நாம் வேங்கடராமையர் பதிப்பு என்றல்லவா சொல்லிக்கொண்டிருப்போம்?

அடுத்தது கோயில். அந்தக் காலத்துப் பெயர், முகவரி இல்லாத கடிதத்துக்கு ஊரைச் சொல்லிவிடும். காந்திமதி, நெல்லையப்பன் என்றால் திருநெல்வேலி. கோமதி என்றால் சங்கரன்கோவில். அபிராமி திருக்கடையூர், அகிலாண்டம் திருவானைக்காவல், தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோயில், அபயாம்பாள் மயிலாடுதுறை, உண்ணாமலை திருவண்ணாமலை. பெருங்கோயில்களை விட்டுக் குலதெய்வங்களுக்குள் போனால் வட்டம் இன்னும் சுருங்கும். சுடலைமுத்து, இசக்கி, பேச்சிமுத்து என்பவர்கள் தாமிரபரணிக்கரையையோ குமரியையோ சேர்ந்தவர்களாகத்தான் பெரும்பாலும் இருப்பார்கள். ஒச்சாயி, ஒச்சாத்தேவர் என்று கேட்டால் உசிலம்பட்டி வட்டாரம். அங்கே ஒச்சாண்டம்மன் இருக்கிறாள். நாச்சிமுத்து, செல்லாண்டி என்றால் கொங்கு நாட்டுப் பக்கம் காதைத் திருப்பலாம். குடும்பம் பஞ்சம் பிழைக்க இருநூறு மைல் தள்ளி வந்து குடியேறியிருக்கும். பேரப்பிள்ளைகளுக்குப் பழைய ஊர் எது என்றே தெரியாது. ஆனால் நாலாம் தலைமுறையில் ஒருத்தி பெயர் இன்னும் இசக்கியம்மாளாக இருக்கும். அவள் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஊரை அடைந்துவிடலாம்.

மூன்றாவது கேள்வி கடினமானது. குப்புசாமி, குப்பம்மாள், குப்பாயி என்ற பெயர்களைப் பார்த்து நகரத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முன்பு பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, குப்பை என்று பெயர் வைத்தார்கள். இது ஒன்றுக்கும் உதவாத பொருள், எமனே, உனக்கு வேண்டாம் என்று சொல்கிற தந்திரம் அது. பிறந்த பிள்ளையை அண்டை வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். ‘உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்’ என்ற கேலி அங்கிருந்து வந்தது. தவிட்டம்மாள் என்ற பெயரும் அங்கிருந்துதான். ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா என்றார்கள். பிச்சை என்றால் தெய்வத்திடம் கையேந்தி வாங்கிய பிள்ளை. அடைக்கலம் என்றால் தெய்வத்தின் காலடியில் போட்டுவிட்ட பிள்ளை.

அகராதி எவ்வளவு தூரம் கைவிடும் என்பதற்குப் பிச்சை ஒன்றே போதும். ஒரு வீட்டுப் பிச்சை பிட்சாடனர் பெயர். இன்னொரு வீட்டுப் பிச்சை, மூன்று பிள்ளைகளைப் புதைத்துவிட்டு நாலாவதுக்கு வைத்தது. ஒரே சொல், ஆனால் ஒரு வீட்டில் அது தேர் ஓடும் திருவிழா, மற்றதில் ஆற்றாத துக்கம். எந்த வீட்டில் எது என்று சொல்ல அந்த வீட்டுக் கிழவியால்தான் முடியும்.

சாவுக்குப் பயந்து வைத்த பெயர்களில் ஆண் பெண் வேற்றுமை அதிகமில்லை. பிறப்புக்குச் சலித்து வைத்த பெயர்கள் பெண்களுக்கு மட்டுமே. போதும்பொண்ணு, வேண்டாம். திருத்தணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ‘வேண்டாம்’ என்ற பெயரோடு பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாள்கள் எழுதின. மங்களம் என்ற அழகான பெயருக்குள்ளும் சில வீடுகளில் இதே எண்ணம் உண்டு: கச்சேரியில் கடைசியாகப் பாடுவது மங்களம். பழைய பெயர்களைப் போற்றி எழுதும்போது இவற்றைத் தள்ளிவிட்டு எழுதுவது நேர்மையாகாது. இன்னொன்றும் அப்படித்தான். ஒரே பெயர், மேல்தெருவில் ராமசாமியாகவும் சேரியில் ராமனாகவும் ஒலித்தது. ‘சாமி’யையும் ‘ஐயா’வையும் பெயரின் கடைசியில் வைத்துக்கொள்ள எல்லாரையும் விடவில்லை, வைத்துக்கொண்டாலும் கூப்பிடுகிறவர்கள் அதை வெட்டிவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

மதம் மாறியபோது பெயர் என்ன ஆயிற்று என்பது தனிப் புத்தகத்துக்கான விஷயம். எனக்குப் பிடித்த இரண்டொன்றைச் சொல்கிறேன். கத்தோலிக்கக் குடும்பங்களில் சின்னப்பன் என்ற பெயரைச் சின்ன அப்பா என்று நினைத்துக்கொள்கிறோம். அது புனித பவுல். லத்தீனில் பவுல் என்ற சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள். மொழிபெயர்த்துச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுளின் அருள் என்பது பொருள். அவர் அருளப்பர் ஆனார். குமரி மாவட்டத்து நீலகண்டன், லாசரஸ் என்று ஞானஸ்நானம் பெற்று, அந்தப் பெயரின் பொருளான தேவசகாயம் என்பதாலேயே அறியப்பட்டார். 2022-இல் புனிதர் ஆக்கப்பட்டார். சூசையும் சந்தியாகுவும் மொழிபெயர்க்கப்படாமல் போர்ச்சுக்கீசியக் கப்பலில் வந்து இறங்கியவர்கள்: ஒருவர் யோசேப்பு, மற்றவர் யாக்கோபு. பெயர் மாறியதே தவிர, பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் மாறவில்லை. சவரிமுத்து மகன் சூசை, சூசை மகன் சவரிமுத்து என்று அது தொடர்ந்தது. ஊரை நினைவில் வைக்கும் வழக்கமும் அப்படியே. தூத்துக்குடியில் பனிமயம், நாகை வட்டாரத்தில் ஆரோக்கியமேரி, முஸ்லிம் வீடுகளில் நாகூர் ஆண்டவரின் பெயரான சாகுல் ஹமீது, நாகூர் மீரான். நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு நாகூரான் என்று பெயர் வைத்த இந்துக் குடும்பங்களும் காவிரிக்கரையில் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில்தான் சொற்பொருள் முன்னுக்கு வந்தது. வேதாசலம் 1916 வாக்கில் மறைமலை ஆனார்: வேதம் மறை, அசலம் மலை. அடிகள் அதோடு நிற்கவில்லை. மகன் திருஞானசம்பந்தத்தை அறிவுத்தொடர்பு என்றும், மாணிக்கவாசகத்தை மணிமொழி என்றும், சுந்தரமூர்த்தியை அழகுரு என்றும், மகள் திரிபுரசுந்தரியை முந்நகரழகி என்றும் மாற்றினார். கொள்கையில் பிழையில்லை. ஆனால் திருஞானசம்பந்தம் என்பது சீர்காழிப் பிள்ளையின் பெயர். அறிவுத்தொடர்பு யாருடைய பெயரும் அல்ல. சொல்லை மொழிபெயர்க்க முடிந்தது, ஆளை மொழிபெயர்க்க முடியவில்லை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் ராமையா அன்பழகன் ஆனதும் வேறு வகை. நெடுஞ்செழியன் ஏற்கெனவே ஓர் ஆளின் பெயர். தலையாலங்கானத்துப் போர் வென்ற பாண்டியனின் பெயர். உ.வே.சா. 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் 1898-இல் மணிமேகலையையும் அச்சேற்றியிராவிட்டால் இளங்கோவும் பாரியும் கபிலனும் மணிமேகலையும் நம் பள்ளி வருகைப் பதிவேடுகளுக்கு இத்தனை பேராக வந்திருப்பார்களா? வீட்டுப் பாட்டன் பெயருக்குப் பதிலாக மொழியின் பாட்டன் பெயரை வைத்தார்கள் என்று இதைப் படிக்கலாம். வழக்கம் அறுந்தது என்பதைவிட, பாட்டன் யார் என்பது விரிந்தது என்பேன்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெயரின் வால் போயிற்று. தலைப்பெழுத்து மட்டும் நின்றது. உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஒரு நல்ல நிலை இது. ஆனால் கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் வரும்போது மாட்டிக்கொள்கிறோம். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுகிறோம். அமெரிக்காவில் மருத்துவமனை வரவேற்பாளர் மகளைத் தந்தை பெயரால் கூப்பிடுகிறார். பேரப்பிள்ளைக்கும் அதுவே குடும்பப் பெயராகத் தொடர்ந்தால், ஒன்றுவிட்டு ஒரு தலைமுறை தாண்டிக்கொண்டிருந்த பெயர் அங்கேயே உறைந்துவிடும். இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் போய் நின்றது முதல், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முனுசாமியும் பெருமாளும் கோவிந்தசாமியும் இன்று தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்கள். ரெயூனியன் தீவில் ராமசாமி ஒரு குடும்பப் பெயர். யாரோ ஓர் எழுத்தர் பதிவேட்டில் எழுதிய நாளில் அந்தப் பாட்டனார் கடைசிப் பேரனுக்கும் பாட்டன் ஆகிவிட்டார்.

மறுபடியும் இரும்புப் பெட்டிக்கு வருகிறேன். ஐந்து தலைமுறைப் பத்திரத்தில் பெண்கள் பெயர் மூன்றே இடத்தில் வருகிறது. மூன்றிலும் அவர்கள் விதவைகள். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இராசராசன் தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர்களை, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்ற விவரத்தோடு வெட்டி வைத்தான். சேரமங்கை, சோழகுலசுந்தரி, எடுத்தபாதம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘நக்கன்’ என்ற சிவன் பெயர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. என் பாட்டனைப் பெற்றவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அவளைத் தெரிந்திருந்த கடைசி அத்தை இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டாள். கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர் யாராவது இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். வைத்த பெயர், கூப்பிட்ட பெயர், யார் நினைவாக வைத்தது, எந்தச் சாமிக்கு நேர்ந்தது. நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். பெண்களிலிருந்து தொடங்குங்கள்.